நான் கட்டிய ஊரும் நான் படிக்காத வரியும்

"அக்கா, கதையை எடுத்துக்கிட்டாங்க, ஒப்பந்தம் வந்திருக்கு, இன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றாங்க, அனுப்பிடட்டுமா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். படித்தாயா என்றேன். எதை என்றான்.

அவனுக்கு அது முதல் கதை. ஃபேன்டஸி சிறுகதை, நாலாயிரம் சொல் இருக்கும், ஏழு இடத்திலிருந்து திரும்பி வந்து எட்டாவது இடத்தில் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருப்பவனைப் பிடித்து உட்காரவைத்து ஐந்து பக்கச் சட்ட வாசகத்தைப் படி என்றால் எரிச்சல்தான் வரும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது, நான் படிக்கவில்லை, அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். அவனிடம் போனில் ஒன்றரை மணி நேரம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஒழுங்கு எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை.

நான் பதினொரு வருடமாக ஃபேன்டஸி சிறுகதைகள் எழுதி ஆங்கில இதழ்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நடுவில் இரண்டு வருடம் ஒரு சின்ன இதழுக்கு முதல் வாசகராக இருந்தேன். வந்து குவிகிற கதைகளை முதலில் படித்து, இதை ஆசிரியர் பார்க்கலாம், இது வேண்டாம் என்று பிரித்துக் கொடுக்கிற வேலை, சம்பளமெல்லாம் கிடையாது. இந்த வருடக் கணக்கைச் சொல்கிறேன்: 38 முறை அனுப்பினேன், 3 கதை தேறியது, 2 இன்னும் பதில் வரவில்லை, மீதி 33 நிராகரிப்பு. கேட்கிறவர்கள் அடடா என்பார்கள், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பரவாயில்லையே என்பார்கள். கதை திரும்பி வந்த அன்றே அடுத்த இதழுக்கு ஏற்றிவிடுவது என் பழக்கம். விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதும் அது மறுபடி முருங்கை மரம் ஏறுவதுமாகத்தான் வருடம் போகும். நிராகரிப்பு யாரையும் கெடுத்ததாக நான் பார்த்ததில்லை. கெடுப்பதெல்லாம் பெரும்பாலும் ஏற்புக் கடிதத்தோடுதான் வருகிறது.

என் ஆரம்பக் கதைகளில் ஒன்று ஓர் உப்பளத்து ஊரைப் பற்றியது. அந்த ஊரில் வேண்டாத நினைவைப் பாத்தியில் விட்டுக் காயவைப்பார்கள். மூன்றாம் நாள் உப்பாகப் பூத்துவிடும், வாரி மூட்டை கட்டிக் கடத்திவிடலாம், நினைவு போய்விடும். அந்த உப்பு யார் வீட்டுக் குழம்பில் விழுகிறதோ அவருக்கு அந்த நினைவு வந்து சேரும். கதையில் வருவது இவ்வளவுதான். ஆனால் நான் அந்த ஊருக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். எந்தப் பாத்தி யாருடையது, எந்தக் குடும்பம் நினைவைக் காய்ச்ச மறுத்து ஒதுங்கி வாழ்கிறது, மழைக்காலத்தில் பாத்தி நிறைந்து வழிந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் ஒரு நோட்டு முழுக்க இருந்தது. ஃபேன்டஸி எழுதுகிறவர்களுக்கு இது தெரியும், ஒரு கதைக்குத் தேவையானதைப் போல ஐந்து மடங்கு கட்டிவிடுவோம்.

ஒரு தொகுப்பில் அந்தக் கதையை எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: கதையிலும், அதிலுள்ள பாத்திரங்கள், இடங்கள், கதையுலகம் ஆகியவற்றிலும் உள்ள எல்லா உரிமைகளையும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக எழுத்தாளர் பதிப்பாளருக்கு மாற்றித் தருகிறார். கண் அதன் மேல் ஓடியிருக்கும், மனம் ஓடவில்லை. கிடைத்தது ஒரு சின்னத் தொகையும் இரண்டு பிரதியும்.

அப்புறம் அதே ஊரில் நடக்கிற மாதிரி இன்னும் மூன்று கதை எழுதினேன், முதல் கதையைவிட நல்ல கதைகள். அதில் ஒன்று, நான் பல வருடம் ஏங்கிக்கொண்டிருந்த ஓர் இதழில் தேறிவிட்டது. அவர்களுடைய ஒப்பந்தத்தில், இந்தக் கதையின் உரிமையை வேறு யாருக்கும் தரவில்லை, இதில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்று எழுத்தாளர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற வழக்கமான பத்திதான். கையெழுத்துப் போடப் போனபோது ஏதோ உறுத்தவும் பழைய காகிதத்தைத் தேடி எடுத்தேன். அன்றைக்குத்தான் அந்த வரியை முதல் தடவையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஊர் என்னுடையது இல்லை, நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதழின் ஆசிரியருக்கு உள்ளதைச் சொல்லிக் கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் பெருந்தன்மையாகப் பதில் எழுதினார், அதுதான் இன்னும் வலித்தது.

பழைய பதிப்பாளருக்கு எழுதினேன். மின்னஞ்சல் போய்ச் சேராமல் திரும்பி வந்தது, நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். மூடிவிட்டால் உரிமை தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி நிச்சயமில்லை. ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு பத்தி இருந்தால் வரும், இல்லாவிட்டால் உரிமை கைக்குத் திரும்பியதாக எழுத்தில் யாராவது தர வேண்டும், தரவேண்டியவரைக் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கறிஞர் தோழி ஒருத்தி ஓர் ஆறுதல் சொன்னாள்: காப்புரிமை கருத்துக்குக் கிடையாது, எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான். நினைவு உப்பாவது என்ற கற்பனையை நீ வேறு ஊரில், வேறு ஆட்களை வைத்து எழுதிக்கொள்ளலாம், அந்த ஊரையும் அந்த ஆட்களையும் மட்டும் தொடாதே. யதார்த்தக் கதை எழுதுகிறவருக்கு இந்த மாதிரி ஒப்பந்தத்தில் போவது ஒரு கதைதான், அவர் கதை நடக்கிற ஊர் வெளியே அப்படியே இருக்கிறது, யாரும் பத்திரம் எழுதி வாங்க முடியாது. நமக்கு ஊரே போய்விடும்.

சரி, முறையாக என்ன இருக்க வேண்டும்? ஒரு கதையை எழுதி முடித்த நிமிடமே அதன் காப்புரிமை உங்களுடையது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதுகூட இல்லை. எழுதியவரின் ஆயுளுக்கும் அதன் பிறகு குறைந்தது 50 வருடத்துக்கும் அது நிற்கும் என்பது பொதுவிதி, பல நாடுகளில் அதைவிட அதிகம். ஆக இதழுக்கு நாம் விற்பது கதையை அல்ல, அதை முதன்முதலாக வெளியிடுகிற உரிமையை மட்டும். வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம். இன்ன மொழியில், அச்சிலோ இணையத்திலோ ஒலியிலோ, முதல் பிரசுரம், இத்தனை மாதம் வேறெங்கும் வரக்கூடாது, அதன் பிறகு உன் இஷ்டம் என்று இருந்தால் அது நல்ல ஒப்பந்தம். ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கச் சொல்வது சகஜம். கையெழுத்துப் போட்ட பிறகு இத்தனை காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள், புதியவர்கள் யாரும் அதைத் தேடுவதே இல்லை. மாதிரி வேண்டுமென்றால் அமெரிக்காவின் அறிவியல் புனைவு, ஃபேன்டஸி எழுத்தாளர் சங்கம் இதழ்களுக்கான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. உங்களுக்கு வந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தாலே எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் உரிமை ஒரு தடவைதான் இருக்கும், அதனால்தான் அதற்கு மதிப்பு. இதில் புதியவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கதையை எழுதியவுடன் ஆர்வத்தில் சொந்த வலைப்பக்கத்திலோ முகநூலிலோ முழுசாகப் போட்டுவிட்டு, நண்பர்கள் பாராட்டிய பிறகு அதையே இதழுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலான இதழ்களின் கணக்கில் அது ஏற்கனவே வெளியான கதை. மூடிய குழுவில் நாலு பேர் படித்துக் கருத்துச் சொல்வதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை, எல்லோரும் திறந்து படிக்கும்படி போடுவதுதான் சிக்கல்.

காத்திருப்புக் காலம் முடிந்த கதைக்கு இரண்டாம் வாழ்க்கை இருக்கிறது. மறுபிரசுரம், மொழிபெயர்ப்பு, ஒலிவடிவம், பிற்பாடு சொந்தத் தொகுப்பு. 2008இலிருந்து ஃபேன்டஸி கதைகளை வாசித்து ஒலிபரப்புகிற போட்காஸில் மாதிரியான ஒலி இதழ்கள் முன்பே அச்சில் வந்த கதைகளையும் எடுத்துக்கொள்கின்றன. இந்த வருடம் எனக்குத் தேறிய மூன்றில் ஒன்று ஆறு வருடப் பழைய கதை, ஒரு வரிகூட மாற்றவில்லை. எல்லாவற்றையும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டால் இதற்கெல்லாம் வழியே இல்லை.

சன்மானத்துக்கு வருவோம். மேலே சொன்ன சங்கம் 2019 செப்டம்பரிலிருந்து ஒரு சொல்லுக்கு 8 சென்ட் என்பதைத் தொழில்முறை விகிதமாக வைத்திருக்கிறது, நாலாயிரம் சொல் கதைக்கு 320 டாலர். அதற்குக் கீழே கொடுக்கிற நல்ல இதழ்களும் நிறைய உண்டு. குறைவாகக் கொடுப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, குறைவாகக் கொடுத்து நிறைய எழுதி வாங்குபவர்களைப் பற்றித்தான். இன்னொன்று, பணம் எப்போது என்று பாருங்கள். ஏற்றவுடனா, வெளியான பிறகா? வெளியான பிறகு என்றால் வெளிவரும்வரை நீங்கள் கடன் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இது புதுக் கதை இல்லை. 1923இல் தொடங்கிய வியர்ட் டேல்ஸ் என்ற அமெரிக்க இதழில் கோனன் என்ற வீரனின் கதைகளை எழுதிய ராபர்ட் ஹோவர்ட், இதழ் தனக்கு 800 டாலருக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறது, குடும்பச் செலவுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று 1935 மே மாதம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் ஜூனில் இறந்துபோனார். அந்த இதழைத் தூக்கி நிறுத்திய பெயர்களில் ஒன்று அவருடையது.

பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும் என்று ஜேம்ஸ் மெக்டொனால்ட் என்ற எழுத்தாளர் சொன்னது எங்கள் வட்டத்தில் ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. படிப்பதற்குக் கட்டணம், திருத்தக் கட்டணம், ஆசிரியர் பிரதியைக் கட்டாயமாக வாங்கச் சொல்வது, எல்லாம் எதிர்த்திசையில் ஓடுகிற பணம். கதையைப் பெற்றுக்கொள்ளும் மென்பொருளுக்கென்று சின்னக் கட்டணம் வாங்குகிற நேர்மையான இலக்கிய இதழ்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை, ஆனால் ஃபேன்டஸி, அறிவியல் புனைவு இதழ்களில் அது வழக்கமில்லை என்பதால் கேட்டாலே நான் ஒதுங்கிவிடுவேன்.

இப்போது வருகிற மோசடி வேறு ரகம். மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கு ஒரு மின்னஞ்சல். என் கதை ஒன்றைப் பற்றி, அதில் வரும் கிழவியின் மௌனத்தைப் பற்றி, கடைசிப் பத்தியின் தாளத்தைப் பற்றி அப்படி உருகி உருகி எழுதியிருந்தது. பெரிய வாசகர் வட்டமாம், என் கதையை எடுத்துப் பேசப் போகிறார்களாம். நாலு நிமிடம் நான் தரையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் இடத்தை உறுதிசெய்ய ஒரு சின்னத் தொகை. அப்போது மறுபடி படித்தேன். அந்தக் கதையில் கிழவியே கிடையாது. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை எழுதவிட்டு ஆயிரம் பேருக்கு அனுப்பியிருப்பார்கள். தெரிந்த ஏஜென்டுகள், பெரிய பதிப்பகங்கள், சினிமா நிறுவனங்கள் பெயரைப் போட்டுக்கொண்டும் இதே வேலை நடக்கிறது. ரைட்டர் பிவேர் என்று 1998இலிருந்து இந்த மோசடிகளைத் தோண்டி எழுதுகிற ஒரு தளம் இருக்கிறது. யாராவது அளவுக்கு மீறிப் புகழ்ந்து எழுதினால் நான் முதலில் அங்கே போய்ப் பெயரைத் தேடுகிறேன். புகழ்ச்சியைச் சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

இயந்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 பிப்ரவரி 20ஆம் தேதி கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைவு, ஃபேன்டஸி இதழ் கதைகளை வாங்குவதையே நிறுத்தியது, இயந்திரம் எழுதிய கதைகள் அந்த ஒரு மாதத்தில் அவ்வளவு வந்து குவிந்துவிட்டன. பிறகு திறந்தார்கள். அதிலிருந்து கிட்டத்தட்ட எல்லா இதழும் இது உங்கள் சொந்தக் கையால் எழுதியதுதானா என்று கேட்கிறது, பொய் சொன்னால் நிரந்தரமாக வெளியே. முதல் வாசகர் வேலையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கதைகளை அடையாளம் காண்பது கஷ்டமில்லை, ஆனால் அவற்றைத் தாண்டி உங்கள் கதைக்கு வருவதற்குள் படிப்பவர் களைத்துப்போய்விடுகிறார்.

படிப்பு என்று பார்த்தால், இந்த வருடம் எழுதியதைவிடப் படித்ததுதான் எனக்கு அதிகம் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு சிறுகதை, காலையில், போனைத் தொடுவதற்கு முன்னால். எல்லா நாளும் நடக்கவில்லை, வாரத்துக்கு நாலு தேறும். ஒவ்வொரு கதைக்கும் நோட்டில் மூன்று வரி எழுதுவேன்: மாயத்துக்கு என்ன விலை, அந்த விலை எத்தனையாவது பத்தியில் தெரிகிறது, நான் எங்கே கதையைவிட்டு வெளியே வந்தேன். மூன்றாவதுதான் முக்கியம். பிடிக்காத கதையில் எந்தச் சொல்லில் கவனம் நழுவியது என்று தேடிப் பிடித்தால், பத்தில் ஏழு தடவை அங்கே ஆசிரியர் தன் உலகத்தைப் பாடம் நடத்த ஆரம்பித்திருப்பார். நானும் அதே இடத்தில் அதே தப்பைச் செய்கிறேன் என்பது மறுநாள் என் பிரதியைத் திறந்தால் தெரியும். நாலாயிரம் சொல்லில் ஒரு மாயம், ஒரு விதி, ஒரு விலை, அதற்கு மேல் தாங்காது என்பது என் அபிப்பிராயம். தாங்குகிற மாதிரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும், அந்தக் கதைகளை இரண்டு தடவை படிப்பேன்.

எங்கே அனுப்புவது என்பதும் படித்தால்தான் தெரியும். முதல் வாசகராக இருந்தபோது நான் ஒதுக்கிய கதைகளில் பாதி மோசமான கதைகள் இல்லை, எங்கள் இதழைத் திறந்தே பார்க்காதவர்கள் அனுப்பியவை. வேற்றுலகில் நடக்கும் கதைகளுக்கென்றே 2008இலிருந்து பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ் என்று ஓர் இதழ் நடக்கிறது. அங்கே போய் அலுவலகத்தில் பேய் வருகிற கதையை அனுப்பினால் என்ன ஆகும்? 2000இல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸையும் இதையும் காசு கொடுக்காமல் இணையத்திலேயே படிக்கலாம், ஆகவே பார்க்கவில்லை என்று சொல்லச் சாக்கு இல்லை. முடிந்தால் ஏதாவது ஓர் இதழுக்குச் சந்தா கட்டுங்கள். 2023இல் அமேசான் கிண்டில் வழியான இதழ்ச் சந்தா முறையை நிறுத்தியபோது ஃபேன்டஸி இதழ்கள் பல ஒரே நாளில் வாசகர்களின் ஒரு பகுதியை இழந்து தவித்தன. இதழ் இருந்தால்தானே நமக்குத் திண்ணை.

எந்தக் கதை எங்கே போயிருக்கிறது என்பதற்கு ஓர் எக்செல் வைத்திருக்கிறேன். சப்மிஷன் கிரைண்டர் என்ற தளமும் இலவசமாக இதைச் செய்கிறது, எந்த இதழ் சராசரியாக எத்தனை நாளில் பதில் சொல்கிறது என்றும் காட்டும். சில இதழ்கள் ஒரே கதையை ஒரே நேரத்தில் வேறு இடத்துக்கு அனுப்ப விடும், பல விடாது. விடாத இடத்தில் அனுப்பிவிட்டு இரண்டு பக்கமும் தேறிவிட்டால் ஒரு ஆசிரியரை நிரந்தரமாக இழப்பீர்கள். அந்தத் தர்மசங்கடத்தை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அந்தத் தம்பியின் ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்து வரி வரியாகப் படித்தோம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது, கதையுலகமும் பாத்திரங்களும். அப்படியே என் பழைய வரி, ஆள்தான் வேறு. "இதை எடுக்கச் சொன்னா கதையையே வேண்டாம்னுடுவாங்களோ?" என்றான். சொல்லலாம், அப்படிச் சொல்கிறவர்களிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்றேன். ஆனாலும் அவனுடைய பயம் எனக்குப் புரிந்தது, முதல் ஏற்பு அது. இரண்டு வரியில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினோம்: இந்தப் பத்தியை நீக்கி, முதல் பிரசுர உரிமையும் ஒரு வருடக் காத்திருப்பும் என்று மாற்ற முடியுமா. அனுப்பிவிட்டு அவன் இரவெல்லாம் தூங்கவில்லையாம்.

மறுநாள் காலையில் பதில் வந்துவிட்டது. சரி, இது எங்கேயோ எடுத்த பழைய படிவம், மாற்றிய பிரதியை இணைத்திருக்கிறோம், நன்றி. அவ்வளவுதான். அவன் அதை எனக்கு அனுப்பி நாலைந்து சிரிப்பு முகம் போட்டிருந்தான். நான் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன், பத்து வருடத்துக்கு முன்னால் நான் கேட்டிருந்தாலும் ஒருவேளை இதே பதில்தான் வந்திருக்கும்.

என் எக்செலில் உப்பளத்து ஊர்க் கதைகள் நாலும் சிவப்பில் இருக்கின்றன. மூடிய அந்தப் பதிப்பகத்தை நடத்தியவரின் புது முகவரி என்று ஒருவர் போன மாதம் ஒன்று கொடுத்தார், எழுதியிருக்கிறேன். இருபத்து மூன்று நாள் ஆகிறது, பதில் இல்லை. அந்த வரிசையில் "அனுப்பிய தேதி" என்ற கட்டத்தில் அதையும் போட்டு வைத்திருக்கிறேன்.